பூனைக்குப் பத்தியம்

1

ஊரிலிருந்து எனக்கு வரும் கடிதங்கள் எல்லாம் சுகம் விசாரித்துத்தான் தொடங்கும். ஆகவே அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னை இராயபுரத்தில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். நான், மனைவி பரமேஸ்வரி, பதினொரு வயது மகள் வசந்தி, ராசாத்தி என்ற பூனை. நால்வரில் மூவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ராசாத்திக்கு மட்டும் பின்னங்கால் ஒன்று இல்லை.

தலைமன்னாரில் கப்பலேறி தனுஷ்கோடியில் இறங்கி, இங்கே வந்து சேர்ந்து இந்த மாதத்தோடு ஏழு வருஷம். அதையொட்டி இந்தியாவில் நம்மவர் வாழ்க்கை பற்றி ஏதாவது எழுதித் தாரும் என்று யாழ்ப்பாணத்திலிருந்து பத்திரிகை ஆசிரியர் கேட்டிருந்தார். கோயில்களையும் கச்சேரிகளையும் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார். அவர் மன்னிக்க வேண்டும். இந்த மாதம் எனக்குப் பூனையைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

பூனையின் கதையைச் சொல்வதென்றால் ஒரு தாளின் கதையையும் சொல்லியாக வேண்டும். பரமேஸ்வரி வசந்தியையும் கூட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பிப் போய்விட விரும்பினாள். ஒரு வருஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் வந்தபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறினால் போதும். இப்போது பாஸ்போட் வேண்டும், விசா வேண்டும், இன்ன நாட்டுப் பிரஜை என்று காட்ட வேண்டும். தான் இலங்கையில் பிறந்தது போதாது, தகப்பனாரும் அங்கேதான் பிறந்தார் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். அவளுடைய தமையன் நாலு மாதம் அலைந்து அந்தப் பத்திரத்தை எடுத்து அனுப்பினார். படம் பிடித்தாயிற்று. எல்லாம் சேர்ந்து என் மேசையில் வந்து கிடந்தன. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு. மனைவியும் பிள்ளையும் தனியே பிரயாணம் செய்யப் புருஷனுக்குச் சம்மதம் என்று நான் அதில் கையெழுத்து வைக்க வேண்டும்.

நான் வைக்கவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாளைக்கு என்றேன், கப்பல் வந்திருக்கிறது என்றேன், பேனாவில் மை இல்லை என்றுகூட ஒருநாள் சொன்னேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜண்டின் அலுவலகத்தில் கிளாக்கராக இருப்பவன் வீட்டில் மை இல்லை என்பது எவ்வளவு பெரிய பொய் என்று உங்களுக்கே தெரியும்.

2

அவள் ஏன் போக விரும்பினாள் என்று கேட்பீர்கள். என்னோடு சண்டையில்லை. கதைக்க ஆளில்லை, அவ்வளவுதான். இது தமிழ்நாடு, நாமும் தமிழர், பிறகென்ன என்று ஊரில் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன். கடையில் அவள் ஒரு சாமான் கேட்டால் கடைக்காரர் இரண்டு தரம் திருப்பிக் கேட்பார். குழாயடியில் அவள் சொன்னது மற்றப் பெண்களுக்கு விளங்காது, அவர்கள் சொன்னது இவளுக்கு விளங்காது. யாரும் கெட்டவர்கள் அல்ல. ஆனாலும் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் சொல்லிச் சொல்லி அவள் களைத்துவிட்டாள். மூன்றாம் வருஷத்திலிருந்து கடைக்கு நான் போனேன், தண்ணீர் பிடிக்க வசந்தி போனாள்.

வசந்தி வேறு மாதிரி. நாலு வயதில் வந்தவள். வீட்டுக்குள் நுழையும்போதே "இன்னாம்மா, சோறு ஆச்சா?" என்பாள். தாய் யாழ்ப்பாணத் தமிழில் பதில் சொன்னால் ஏதோ பழைய ரேடியோவைக் கேட்பவள்போல் நிற்பாள். தாய்க்கு அதுதான் பெரிய பயம். இன்னும் இரண்டு வருஷம் போனால் என்ர பிள்ளையோட நான் கதைக்கேலாது என்று ஒருநாள் என்னிடம் சொல்லி அழுதாள். நான் பெரிய மனுஷனாகச் சிரித்து வைத்தேன்.

ஆகவே பரமேஸ்வரி பூனையோடு கதைத்தாள். அது எங்கிருந்தோ குட்டியாக வந்து ஒட்டிக்கொண்டது. சமைக்கும்போதும், அரிசி புடைக்கும்போதும், இஞ்சை வாடி ராசாத்தி, என்னடி பாக்கிறாய், பசிக்குதோ என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அலுவலகத்திலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தக் குரல் கேட்கும். ஊர் வீட்டில் நிற்பதாகவே எனக்குத் தோன்றும். நான் உள்ளே போனதும் நின்றுவிடும்.

3

எங்கள் வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. பருப்பு, மிளகாய் மொத்த வியாபாரம். வீட்டை ஒட்டினாற்போல் அவருடைய கிடங்கு. எலித் தொல்லை தாங்காமல் பல் வைத்த இரும்புப் பொறி இரண்டு வாங்கி மூட்டைகளுக்கு இடையில் வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை பின்னேரம் ராசாத்தி அதில் காலை விட்டுவிட்டது. பொறியைத் திறக்கும்போது எலும்பு தூளாகியிருந்தது. அண்ணாச்சி பதறிப்போய்த் தாமே ஜட்கா பிடித்து எங்களை ஏற்றி அனுப்பினார்.

மிருக ஆஸ்பத்திரியில் ஒருவர் பெரிய பதிவேட்டைத் திறந்துவைத்து என் பேர், தொழில், சொந்த ஊர் எல்லாம் கேட்டார். யாழ்ப்பாணம் என்றதும் நிமிர்ந்து பார்த்து, பூனையும் சிலோனா என்றார். பூனை இராயபுரம்தான் என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, காலை எடுக்க வேண்டும், மயக்க மருந்தில் பூனை போனாலும் போகலாம், சம்மதமானால் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினார். நான் அவருடைய பேனாவையே வாங்கி உடனே போட்டுக் கொடுத்தேன்.

வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். பரமேஸ்வரி என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"பூனைக்கு உடன கையெழுத்து வைச்சியள்."

பிறகு தன் நிபந்தனையைச் சொன்னாள். ராசாத்தி பிழைத்தால் புண் ஆறும் வரை இங்கேயே நிற்பாளாம். புண் ஆறினதும் நான் அந்தத் தாளில் கையெழுத்து வைக்க வேண்டுமாம். அதுவரை கேட்கமாட்டாளாம். சரி என்று தலையாட்டினேன்.

4

அறுவை முடிந்த பூனையை வீட்டில் வைத்துப் பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அலுவலகத்திலிருந்து காலித் தேயிலைப் பெட்டி ஒன்று கொண்டுவந்தேன். நம் நாட்டுத் தோட்டத்துப் பெயர் பக்கத்தில் அச்சடித்த பெட்டி. அதில் சாக்கு விரித்து, மேலே பழைய வேட்டி விரித்துப் படுக்கை போட்டோம். வசந்தி தினமும் காலையில் கடற்கரையிலிருந்து மணல் அள்ளி வருவாள், அது ராசாத்தியின் கக்கூசுக்கு. நக்கினால் தையல் பிரிந்துவிடும் என்று ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் எச்சரித்திருந்தார். பரமேஸ்வரி தன் பழைய ரவிக்கையின் கையை வெட்டி, இடுப்பைச் சுற்றி வரும்படி ஒரு சட்டை தைத்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் அதைக் கழற்றி, போரிக் தண்ணீரால் துடைத்து, மருந்துத் தூளைத் தூவிப் புதுத் துணி சுற்ற வேண்டும். பிடிப்பது நான், துடைப்பது அவள். என் முழங்கைக்குக் கீழே இன்றைக்கும் கோடு கோடாக இருக்கிறது.

மூன்றாம் நாள் ராசாத்தி காதைச் சொறிய முயன்றது. இல்லாத காலால். தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணைச் சொருகிக்கொண்டு காத்திருந்தது. துணி சுற்றிய அந்த மொட்டைத் துண்டு மட்டும் விசுக் விசுக்கென்று ஆடியது. பரமேஸ்வரி விரலை நீட்டி அந்தக் காதைச் சொறிந்துவிட்டாள். என்னால் பார்க்க முடியவில்லை, எழுந்து வெளியே போய்விட்டேன்.

வழக்கமாக என்ன சாப்பிடுமோ அதையே நன்றாகப் போடுங்கள், மீன் போட்டால் சதை பிடிக்கும் என்றும் கம்பவுண்டர் சொல்லியிருந்தார். இங்கேதான் நான் குறுக்கிட்டேன். என் தகப்பனார் ஊரில் பரியாரியார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். புண்ணோடு வருபவர்களுக்கு அவர் முதலில் மருந்து கொடுக்கமாட்டார், பத்தியம்தான் சொல்லுவார். கிரந்தி கொள்ளும் பண்டம் எதுவும் ஆகாது. நண்டு, இறால், கணவாய், கத்தரிக்காய் எல்லாம் தள்ளுபடி. தின்றால் புண் சீழ் வைக்கும். ஆகும் மீன் என்று ஒரு சிலதைச் சொல்லுவார். பேர் தெரியாத மீன் எதுவும் ஆகாத மீன்தான். அவருடைய நோயாளிகள் புழுங்கலரிசிக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு முகம் சுண்டிக் கிடந்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். கடைசியில் எழுந்து நடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பூனைக்கும் பத்தியம் வைத்தேன். கஞ்சியும் பாலும்தான். இராயபுரத்து மீன்கள் அப்பாவின் பட்டியலில் இருந்தனவா என்று எனக்குத் தெரியாது. பரமேஸ்வரி என்னைப் பார்த்தாள், பாலைக் காய்ச்சப் போனாள். இங்கிலீஷ் கடிதம் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் பூனைக்குப் பத்தியம் வைத்தான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

5

எங்கள் தெருக் கோடியில் மீனவர் குப்பம் தொடங்குகிறது. அங்கிருந்து கூடையில் மீன் கொண்டுவருபவள் அஞ்சலை. ராசாத்திக்குத் தினமும் வாசலில் ஒரு சிறுமீனை எறிந்துவிட்டுப் போவாள். கால் போன செய்தி கேட்டு ஒரு கைப்பிடி மீனை இலையில் சுற்றிக்கொண்டு வந்தாள். ஊரில் காரல் என்போமே, அதை இங்கே காரப்பொடி என்கிறார்கள். நான் வாசலில் மறித்து, புண்ணுக்கு ஆகாது என்று திருப்பி அனுப்பினேன். மறுநாளும் வந்தாள். மறுநாளும் அனுப்பினேன். மூன்றாம் நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை நேரே பார்த்தாள்.

"பூனைக்குப் போயி எவனாச்சும் பத்தியம் வெப்பானா, சிலோன் சாரு? அது கவுச்சி துன்ற ஜென்மம். நீ சொல்லு, எங்க கை பட்ட மீனு ஒங்க வூட்டுப் பூனைக்குக் கூட ஆவாதா?"

அப்படியில்லை அம்மா, அது மருந்து விஷயம் என்று ஏதோ உளறினேன். அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மருந்து விஷயம்தான். ஆனால் ஊரில் மீன்காரியின் கடகத்தை நாங்கள் வாசற் படலைக்கு வெளியேதான் இறக்கச் சொல்லுவோம். ஏழு வருஷத்தில் அஞ்சலையை நான் ஒருதரம்கூட உள்ளே வா என்று சொன்னதில்லை. அவள் கேட்டதில் பாதி உண்மை. அது எனக்கு உறைத்தது, அதற்காகவே இன்னும் பிடிவாதம் பிடித்தேன்.

இனிச் சொல்லப்போவதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ கட்டை அவிழ்த்தபோது வசந்தி குனிந்து பார்த்து, அப்பா, காஞ்சிகினு வருது என்றாள். உண்மைதான், ஓரங்கள் உலர்ந்திருந்தன. சந்தோஷப்பட வேண்டியவன் நான். எனக்கு மேசையில் கிடந்த அந்தத் தாள்தான் நினைவுக்கு வந்தது. உடனே வாய் முந்திக்கொண்டது. பத்தியம் முடிந்தால் மறுபத்தியம் உண்டு, எத்தனை நாள் பத்தியமோ அத்தனை நாள் மறுபத்தியம், அப்போதுதான் புண் ஆறினதாகக் கணக்கு என்றேன். அப்பா அப்படிச் சொல்லுவார் என்பது மெய். ஆனால் அதை அந்த நிமிஷத்தில் எனக்கு ஞாபகப்படுத்தியது அப்பா அல்ல. பரமேஸ்வரி துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

6

பத்தாம் நாளைக்குள் ராசாத்தி எலும்பும் தோலுமாகிவிட்டது. கஞ்சியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பாலில் இரண்டு வாய். உலர்ந்துகொண்டு வந்த புண் மறுபடி ஈரம் கண்டது, ஒரு தையல் இளகியது, துணியை அவிழ்த்தால் நாற்றம். தலையைத் தூக்கக்கூடச் சோம்பிக் கிடந்தது. வசந்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் புத்தகப் பையோடு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

"அப்பா, அது செத்துப் பூடும். நீ தான் சாவடிக்கிற," என்றாள் ஒரு பின்னேரம். கோபமாகச் சொல்லவில்லை. கம்பவுண்டர் மருந்து சொல்வதுபோலச் சொன்னாள்.

அன்றைக்கு எனக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. பூனை செத்துப்போனால் பரமேஸ்வரி நிற்கப் போவதில்லை, அன்றைக்கே கையெழுத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவாள். பிழைத்தாலும் போவாள். இரண்டுக்கும் நடுவில், ஆறாத புண்ணோடு அது கிடக்கும் நாட்கள் மட்டும்தான் எனக்குச் சொந்தம். அந்த நாட்களை நீட்டத்தான் ஒரு வாயில்லாச் சீவனைப் பட்டினி போட்டிருக்கிறேன். பத்தியம் முதலில் நம்பிக்கையாகத்தான் இருந்தது. எந்த நாளில் அது சாக்குப்போக்காக மாறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் குப்பத்துக்குப் போனேன். கட்டுமரங்கள் கரையேறியிருந்தன. அஞ்சலை மணலில் குந்தி மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் நிற்பதைக் கண்டும் காணாததுபோல் வேலையைப் பார்த்தாள். பூனைக்குக் கொஞ்சம் மீன் வேண்டும் என்றேன். இன்னா, பத்தியம் தீந்து பூட்டுதா என்றாள். நான் வைத்தது பிழை என்றேன். அதைச் சொல்ல எனக்கு இத்தனை நாள் பிடித்தது.

அவள் ஒரு பிடி காரப்பொடியை அள்ளினாள். நான் பாத்திரம் கொண்டுபோகவில்லை. பக்கத்தில் தாமரை இலை கிடந்தது, அதை அவள் எடுக்கவில்லை.

"கையில வாங்கு," என்றாள்.

இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன். ஈர மீனைக் கையில் வைத்து, விரல்களை அவளே மூடிவிட்டாள். காசைப் பற்றி வாயெடுத்தேன், போ போ என்று கையை ஆட்டினாள். சலவை வேட்டியும் சட்டையுமாக, மீன் தண்ணீர் முழங்கையில் வழிய, அந்தத் தெரு முழுவதும் நடந்து வந்தேன். கடைவாசலில் நின்ற அண்ணாச்சி வாயைப் பிளந்தார்.

வீட்டில் பரமேஸ்வரி என் கையைப் பார்த்தாள். ஒரு மீனை எடுத்து, முள் நீக்கி, ராசாத்தியின் மூக்கருகே பிடித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூக்கு அசைந்தது. பிறகு அது முன்னங்கால்களை ஊன்றி எழும்பப் பார்த்துச் சரிந்து, கிடந்தபடியே தின்றது. முழுவதையும் தின்றது. வசந்தி உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு அஞ்சலை தினமும் வந்தாள். உள்ளே வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, தானே ஊட்டினாள். அவளும் பரமேஸ்வரியும் பூனையைப் பற்றி ஏதோ பேசிக்கொள்வார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்கு எவ்வளவு விளங்கியதென்று தெரியாது, யாரும் திருப்பிக் கேட்டதாக எனக்குக் கேட்கவில்லை. ஆறேழு நாளில் புண் வாய் மூடியது. ஆஸ்பத்திரியில் தையலைப் பிரித்தார்கள். ராசாத்தி மூன்று காலில் முதலில் சுவரோரமாக, பிறகு கூடத்தின் நடுவில் நடந்தது.

7

தையல் பிரித்த அன்று பின்னேரம் பரமேஸ்வரி அந்தத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மைக்கூட்டையும் கொண்டுவந்தாள். அஞ்சலை வந்து போகிறாள், வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கிறது, இனி மனம் மாறியிருக்கும் என்று நான் எண்ணியிருந்தது தப்பு. ஒரு ஆளோடு பூனையைப் பற்றிப் பேசலாம், ஏழு வருஷத்தைப் பேச முடியாது.

கையெழுத்து வைப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். புண் ஆறக்கூடாதென்றுதான் மீனைத் தடுத்தேன், மறுபத்தியம் என்று சொன்னதும் அதற்காகத்தான் என்றேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"எனக்குத் தெரியும்," என்றாள். "நீங்கள் கந்தோருக்குப் போனாப்பிறகு வீட்டில நான்தானே இருந்தனான். ஒரு மீனைக் குடுத்திருக்கலாம். நானும்தானே குடுக்கேல்லை."

அவளுடைய முகத்தைப் பார்த்தேன். ஏழு வருஷத்தில் அப்படி நான் அதைப் பார்த்ததில்லை. அப்படியானால், என்று தொடங்கினேன். அவள் பேனாவை மையில் தோய்த்து என் கையில் தந்தாள்.

"வையுங்கோ," என்றாள்.

வைத்தேன்.

அடுத்த மாதம் தாயும் மகளும் புறப்படுகிறார்கள். எனக்கு இங்கே வேலை இருக்கிறது, பூனையும் இருக்கிறது. இதைப் பரமேஸ்வரி வாசித்தாள். அவளுக்குச் சம்மதமென்ற பிறகுதான் தபாலில் சேர்க்கிறேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். ராசாத்தி முழு மீனையும் தின்னவில்லையாம், தலையை விட்டுவிட்டதாம்.

ஊராரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வசந்திக்கு நம்முடைய ஒழுங்கைகள் ஞாபகமில்லை. வழி தெரியாமல் உங்கள் படலையில் வந்து நின்று, இன்னா, இது யார் வூடு என்று கேட்பாள். அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிடாதேயுங்கள். உள்ளே கூப்பிடுங்கள்.